மாமாவின் காரை நான் மீட்ட அழகு

புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்களில் குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார்: கடிதம் வாசிக்கிறவர். கவுன்சில் கடிதம், வரிக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எது வந்தாலும் அவரிடம்தான் போகும். அவரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது ஒண்டும் பெரிய விசயமில்லை" என்பார். என் மனைவி வீட்டில் அந்தப் பதவி திருமணமான மூன்றாம் மாதமே எனக்குக் கிடைத்தது. (வேறு யாரும் போட்டியிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குச் சனிக்கிழமை குடிபூரல் பூசை. விம்பிள்டனிலிருந்து ஐயரைக் கூட்டிவர வேண்டும். என் கார் கிளச் போய்க் கராஜில் கிடந்தது. மோர்டனில் இருக்கும் மாமா, அதாவது மனைவியின் அப்பா, தன் காரின் சாவியை நீட்டினார். ஞாயிறு தவறாமல் கழுவித் துடைக்கும் கார். சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை.

"இன்சூரன்ஸ் எல்லாம் சரிதானே, தம்பி?"

"என்ர ஃபுல் இன்சூரன்ஸ், மாமா. அது இருந்தா ஆரின்ர காரையும் ஓடலாம்."

இதை மாமி வைத்த தேநீர் ஆறும்வரை விளக்கினேன்.

ஐயரை ஏற்றிக்கொண்டு பாதி வழி வந்திருப்பேன், பின்னால் நீல விளக்கு. பிரேக் லைட் ஒன்று எரியவில்லையாம். இளம் பொலிஸ்காரர் என் விபரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காரை ஓட்ட உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்றார். நான் சிரித்தபடி போனில் என் இன்சூரன்ஸ் பொலிசியைத் திறந்து அவருக்குப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்ட அவர், அதே திரையில் ஒரு வரியைக் காட்டினார். வேறு கார்களுக்குச் செல்லாது. அந்தப் பொலிசியை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஒரு தடவை வாசித்தும் இருக்கலாம்.

மாமாவின் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐயரும் நானும் கும்பம், தேங்காய், மாவிலை, ஓமக்கட்டைக் கட்டோடு பஸ் ஏறினோம்.

"எனக்கு இது பழக்கம்தான்" என்றார் ஐயர். "ஆனா ஓமக்கட்டையை நீங்கள்தான் பிடிக்கோணும்."

வீட்டு வாசலில் மாமா நின்றார். "கார் எங்கை, தம்பி?"

மறைக்க நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தானாகச் சொன்னது: "சேர்விஸுக்கு விட்டிருக்கிறன், மாமா. உங்களுக்கு ஒரு சின்ன சந்தோசமா இருக்கட்டும் எண்டு."

மாமாவின் கண் கலங்கியது. பூசைக்கு வந்த அத்தனை பேரிடமும், "மருமகன் சேர்விஸ் செய்து தாறார்" என்று சொன்னார். நான் பொங்கல் பரிமாறப் போய்விட்டேன்.

இரண்டு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் காரை ஏலத்தில் விற்கலாம், நசுக்கியும் விடலாம் என்று பொலிஸ் தந்த தாளில் இருந்தது. திங்கட்கிழமை போனிலேயே ஒருநாள் இன்சூரன்ஸ் ஒன்று எடுத்து, அச்சடித்து, கார்களைப் பூட்டிவைத்திருக்கும் இடத்துக்கு நிமிர்ந்து போனேன். கவுண்டரில் இருந்த பெண் வாசித்தார். இந்த மாதிரி இடத்திலிருந்து காரை எடுக்கச் செல்லும் என்று பொலிசியிலேயே எழுதியிருக்க வேண்டும் என்றார். நான் ஒரு சமூகத்துக்கே கடிதம் வாசிக்கிறவன் என்று அவருக்கு அறிவித்தேன். அவர் மஞ்சள் பேனாவை எடுத்து, "பிடிபட்ட வாகனங்களை மீட்கச் செல்லாது" என்ற வரிக்கு அழகாக நிறம் தீட்டித் திருப்பித் தந்தார்.

புதன்கிழமை மீட்பதற்கென்றே இருக்கும் இன்சூரன்ஸோடு போனேன். முப்பது நாளுக்குக் குறைய அதை எடுக்க முடியாது. அதே பெண். பொலிசி நல்ல பொலிசி என்றார். காரின் சொந்தக்காரர் எங்கே என்றார்.

வெள்ளிக்கிழமை மாமா மாமியோடு கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சேர்விஸ் எப்ப முடியும், தம்பி?"

"நாளைக்கு, மாமா. ஒரு பாட்ஸ் வரோணும்."

"நல்லது. லைசென்ஸும் காரின்ர லொக் புக்கும் எடுத்து வைச்சிருக்கிறன். பொலிஸ் கேப்பினமாம்." சப்பாத்தை ஒழுங்காக அடுக்கினார். "ஐயர் பாவம், கார் கிடைச்சிட்டுதோ எண்டு கவலையோட விசாரிச்சவர்."

மாமி சமையலறைக்குள் போய்விட்டார். சிரிப்பதற்கு என்று இப்போது தெரியும்.

சனிக்கிழமை மாமாவும் நானும் போனோம். கவுண்டர்ப் பெண் மாமாவின் தாள்களைப் பார்த்து, இவருடைய வருட இன்சூரன்ஸ் கார் பிடிபட முன்பே இருக்கிறதே, இதுவே போதும் என்றார். முதல் நாளே இவரைக் கூட்டிவந்திருந்தால் பத்து நிமிட வேலையாம்.

மாமா என் முப்பது நாள் பொலிசியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கினம்" என்றார். அன்று கார் ஓட்டியது அவர். நான் பிளாஸ்டிக் உறையில் சத்தம் வராமல் இருக்க முயன்றேன்.

கடிதங்கள் அடுத்த கிழமையிலிருந்து மாமாவிடம் போயின. லைசென்ஸில் எனக்கு ஆறு தண்டனைப் புள்ளி விழுந்தது. அது நாலு வருடத்தில் அழிந்துவிட்டது. மற்றது அழியவில்லை. எங்கள் வீட்டில் தொலைந்தது, உடைந்தது, தோற்றது எல்லாமே "சேர்விஸுக்கு விட்டது"தான். போன மாதம் பத்து வயது மகளிடம் கணக்குச் சோதனைத் தாளைக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மப்பாவைத்தான் பார்த்தாள்.

"சேர்விஸுக்கு விட்டிருக்கிறன், அப்பா."

மாமாவுக்குத் தேநீர் புரையேறியது. தலையில் தட்டிவிட்டது நான்தான்.