சாக்கு கிடந்த இடமெல்லாம்

சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்கிறவர்களால்தான் உலகத்தில் பாதிக் காரியம் கெடுகிறது. நானே அப்படி ஒருத்தன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். தாலுகா ஆபீசில் பதினெட்டு வருடம் எழுத்தராக இருந்தவனுக்கு உத்தரவு என்றால் உத்தரவுதான். அதற்கு மேல் மூளையைத் தொந்தரவு செய்யும் பழக்கம் கிடையாது.

நாலு வருடத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலில் வீடு கட்டினோம். வீடு என்னுடையது, முன்வாசல் கதவு மட்டும் மாமனாருடையது. பனவடலிசத்திரத்தில் அவர் கிணற்றடியில் நின்ற வேப்பமரம் காற்றில் சாய்ந்துவிட, அதைப் பலகையாக அறுத்து, இரண்டு வருடம் தொழுவத்து நிழலில் காயவைத்திருந்தார். "எம் மக வீட்டுக்கு எம் மரத்துல கதவு" என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். பால்காய்ச்சு அன்று சொந்தக்காரர்களுக்கு அவர் காட்டப்போவது வீட்டை அல்ல, அந்தக் கதவைத்தான். அவர் என்னை நம்பிக் கொடுத்த இரண்டாவது பொருள் அது. (முதலாவது என் மனைவி கோமதி.)

ஆசாரி கதவைச் செய்து கொண்டுவந்து, பின்னறையில் மூன்று மரச்சட்டங்களைப் போட்டு, தரையில் படாமல் அதன் மேல் படுக்கவைத்தார். நல்ல காய்ந்த சாக்குகளால் மூடினார்.

"சுவத்துல சாத்தி நிறுத்திராதிய சார், வளைஞ்சிரும். இப்படியே கெடக்கட்டும். பால்காய்ச்சுக்கு நாலு நாளைக்கு முன்னால வந்து மாட்டித் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் புளியங்குடிக்கு வேறு வேலையாகப் போய்விட்டார். சாக்கு எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் கொத்தனார், புதிதாகக் கட்டிய கேட் தூண்களிலும் வாசல்படியிலும் சாக்கைச் சுற்றினார். கிளம்பும்போது உத்தரவு போட்டார்: "சாக்கு கெடக்க எடமெல்லாம் ரெண்டு நேரமும் தண்ணி காட்டிருங்க சார். ஒரு எடம் விடக் கூடாது."

எங்கள் பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்கள், புதுச் சிமெண்டுக்கும் தண்ணி காட்டுவார்கள். கதவுக்குத் தண்ணி காட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆபீசுக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. தூண், படி, அப்புறம் பின்னறை. ஓரத்தில் சாக்கு காய்ந்திருந்தால் மனசு கேட்காமல் இன்னொரு வாளி. இப்படிப் பன்னிரண்டு நாள். (பத்தாவது நாள் லேசாக ஒரு வாடை வந்தது. நாட்டு மரம் அல்லவா, வாசனை இருக்கத்தானே செய்யும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.)

ஆசாரி வந்து சாக்கைத் தூக்கினார். கதவின் மேல் இரண்டு காளான் குடைபிடித்து நின்றன.

"இதுக்கு யாரு சார் தண்ணி ஊத்துனது?"

"நான்தான். ஒரு நேரம்கூட விடலை" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தூசி விழாம இருக்க சாக்கு போட்டேன். கதவு என்ன காங்கிரீட்டா சார்?"

தூக்கிப்போய் நிலையில் வைத்துப் பார்த்தோம். கதவு ஊதி, உள்ளே நுழையவே மாட்டேன் என்றது. "சீவிரலாமே" என்றேன்.

"இப்பம் சீவுனா, காஞ்ச பொறவு இடுக்குல பூனை போயிட்டு வரும். நெழல்ல கெடந்து தானா காயணும். ஒன்றரை மாசம் ஆவும்."

கோமதி திட்டவில்லை. கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பாட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

பால்காய்ச்சு அன்று நிலைக்கு மாவிலை, மஞ்சள், குங்குமம் எல்லாம் இருந்தன. கதவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூப்போட்ட போர்வை தொங்கியது. உள்ளே வரவேண்டிய பசு, போர்வையை ஒரு வாய் மென்று பார்த்துவிட்டுத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து மாமனார் ஒரு வேன் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார்.

"மாப்ள, கதவு எங்கன?"

கொத்தனார் மேல் பழியைப் போட நாக்கு துடித்தது. கோமதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி காட்டிட்டேன், மாமா."

"மாட்டுக்கா? நல்லது. கதவு எங்கன?"

"கதவுக்குத்தான் மாமா காட்டினேன்."

பின்னறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டு வருசம் காய வச்சேன், மாப்ள" என்றார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வேனில் ஏறினார்கள். மாமனார் மட்டும் ஏறவில்லை. "கதவில்லாத வீட்டுல பிள்ளைய விட்டுட்டு எப்படிப் போவ? ஒரு கட்டிலை எடுத்து வாசல்ல போடுங்க" என்றார்.

நாற்பத்தேழு நாள் அந்தக் கட்டில்தான் எங்கள் வீட்டுக் கதவு. தினமும் காலையில் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து மரக்கதவைப் புரட்டிப் போடுவோம். என் கையில் சொம்போ வாளியோ இல்லை என்று பார்த்த பிறகே என்னை அந்த அறைக்குள் விடுவார். பன்னிரண்டு வருடம் "வாங்க, இருங்க" என்பதற்கு மேல் பேசாதவர், கதவைப் புரட்டிய சாக்கில் பேச ஆரம்பித்தார். கதவு காய்ந்து நிலையில் ஏறிய அன்று அவர் ஊருக்குக் கிளம்பியபோது, கோமதியைவிட எனக்குத்தான் வீடு வெறிச்சென்று இருந்தது.

கதவு இன்றைக்கும் ஐப்பசி மழையில் கீழ்மூலையில் லேசாகப் பிடிக்கும். மாமனார் தினமும் சாயங்காலம் தொழுவத்து வேலையை முடித்துவிட்டு போன் போடுவார்.

"மாப்ள, இங்கன மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு. அங்கன கதவுக்கு?"

"ஆச்சு, மாமா" என்று நான் சொன்னால்தான் போனை வைப்பார்.