நான்கு போன்களோடு கோட்டை ஏறிய டவர் அண்ணை

டென்மார்க் அரசர்கள் மீது எங்கள் டவர் அண்ணை அளவுக்குப் பற்று வைத்த மனிதர் உலகத்திலேயே கிடையாது. கோல்டிங் கோட்டை வாசலில் டிக்கெட் பார்க்கும் பெண்மணி அப்படித்தான் நம்பினார். நாள் தவறாமல் வருட நுழைவு அட்டையோடு வந்து, கோபுரத்தில் ஏறி, மாலைவரை இறங்காதவரை வேறு எப்படி நினைப்பது?

உண்மையில் ஓர் அரசரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. இலங்கையில், வன்னியில் போர் முடிந்த வைகாசி மாதம் அது. எங்கள் சனம் உயிரோடு இருக்கிறதா, எந்த முகாமில் இருக்கிறது என்று தெரியாமல் சோறு இறங்காத நாட்கள். நாங்கள் நான்கு பேர் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகத் தடை. முதுகு வருத்தத்தால் வேலையை விட்டிருந்த அண்ணை, "என்னட்டத் தாங்கோடா, உயரத்திலதான் கவரேஜ் வரும்" என்றார்.

ஆற்றங்கரையிலும் கவரேஜ் முழுதாகத்தான் இருந்தது. சொன்னால் கேட்கிற ஆளா? ஆற்றோடு இருந்த எல்லையைக் காக்க எந்தக் காலத்திலோ ஓர் அரசர் கட்டிய கோட்டையில், அண்ணை நான்கு போன்களைக் காத்தார். பத்திரிகைச் சந்தா விற்கிறவன் அழைத்தால், "லைனை விடடா, எங்கட பிள்ளையள் எடுக்கப்போகினம்!" என்று தமிழிலேயே ஏசுவார். என் மனைவி அழைத்தாலும் அதே ஏச்சுத்தான்.

ஒருநாள் வேலை முடிந்து கோட்டை அடிவாரத்துக்கு வந்தேன். மேலே கை ஆடியது.

"ஓடி வாடா! உன்ர தங்கச்சி! நான் கீழ இறங்கினா லைன் அறுந்திடும்!"

ஓடினேன். பாதிப் படியில் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. லைன் அறுந்துவிடுமோ என்று நிற்காமல் ஏறினேன். மேலேயிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"வைச்சிடாதை பிள்ளை, கொண்ணன் வாறான். ஆள் இப்ப நல்லாக் கொழுத்திட்டான், ஏற நேரம் எடுக்கும். நீ சாப்பிட்டியோ? போன் தந்தவரிட்டச் சொல்லு, இன்னும் ஒரு நிமிசம் எண்டு."

போனைப் பறித்தேன். "அண்ணா, அம்மா, தம்பி, நான், மூண்டு பேரும் உயிரோட இருக்கிறம்." அவ்வளவுதான், அறுந்துவிட்டது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகுதான் கேட்கத் தோன்றியது. "உங்கட போன் எங்கை அண்ணை?"

"எனக்கெதுக்கடா போன்? எடுக்கிறதுக்கு அங்க ஆர் இருக்கினம்? மாசி மாசத்தோட எல்லாரும் செத்துப்போட்டினம். மற்ற மூண்டும் இன்னும் அடிக்கேல்லை, நீ வீட்டை போ."

தங்கை இப்போதும் போன் எடுத்தால் முதலில் அவரைத்தான் விசாரிக்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இருந்தாலும் போனை அவரிடமே நீட்டுகிறேன். எங்கள் வீட்டுக்கு மூத்தவர் அவர்தானே.