ஐந்தாவது பாட்டில் வரும் தகப்பன் நான் அல்ல

ராயபுரம்,
தவக்காலம் மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் பாஸ்கல் அவர்களுக்கு,

ராயபுரத்திலிருந்து ஜேக்கப் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை ரோசியும், மகள் டெபோராவும், என் முழங்கால் வலியும் ஆண்டவர் கிருபையால் நலம். அங்கே மாத்தூரில் நீங்களும், அக்காவும், எட்டு மாதமாக உங்கள் மாடி அறையில் இருந்துவரும் அந்த நபரும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். அந்த நபர் என் மகன் ஜெரிதான். பெயரை எழுதக் கூடாது என்று உட்கார்ந்தேன், முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன், போகட்டும். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்கவைப்பது உங்கள் பழக்கம். இது அவன் காதில் விழக் கூடாத விஷயம்.

விஷயம் அவன் வெளியிட்டிருக்கும் 'உள்ளாற' என்கிற ராப் பாட்டு ஆல்பம். போன வருஷம் மணலி கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலையில் இருந்தவன், ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "வேலைய வுட்டுட்டேன்பா, இனிமே பாட்டுதான்" என்றான். நான் திட்டினேனா? இல்லை. அடித்தேனா? அதுவும் இல்லை. ஆண்டவர் சாட்சியாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, கையை மட்டும்தான் காட்டினேன். அதற்கு அவன் பாதிச் சோற்றில் எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். வாயே திறக்காத மனிதன்மேல் என்ன குற்றம் கண்டான் என்று எட்டு மாதமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

போன வாரம் ரோசி அடுப்படியில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். ராப் என்றால் கழுத்தில் சங்கிலியும் தொண்டையில் கத்தலும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாள்போட்டு முணுமுணுப்பதுபோல இருந்தது, பின்னால் யாரோ கீபோர்டை வலிக்காமல் அமுக்கினார்கள். யார் இந்தப் பாவி, இவ்வளவு தாளக்கட்டோடு பாவத்தைச் சொல்கிறானே என்று நின்று கேட்டால், நம் ஜெரி. எட்டு மாதத்துக்கு அப்புறம் அவன் குரலைக் கேட்கிறேன் மச்சான். அதற்கு மேல் அங்கே நிற்கமுடியாமல், மீன் கவுச்சி தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்தேன். மீன் நாறும் ராயபுரத்தில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் நாய்கூட நம்பாது, ரோசி எப்படி நம்புவாள்.

நான்கு பாட்டுவரை பிரச்சினை இல்லை. ஐந்தாவதில்தான் வந்தது வினை. அந்த வரிகளை டெபோராவை விட்டு எழுதி வாங்கி இங்கே தருகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்:

"எங்கப்பன் கை பேசும், வாய் பேசாது.
வெரல சுத்துனா எழுந்துக்கணும், உள்ளங்கைய காட்டுனா குந்தணும்,
முஷ்டிய மூடுனா மூச்சையும் நிறுத்தணும்.
ஊரு ஒலகத்து சரக்கெல்லாம் பத்திரமா எறக்குன மனுசன்,
என்ன ஒரு தபா தூக்குனதா நெனப்பு இல்ல."

துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேனுக்குக் கை காட்டும் சிக்னல்மேனாக இருந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கப்பல் மேல்தட்டில் நின்று விரலைச் சுழற்றினால் கிரேன் தூக்கும், உள்ளங்கையைக் கீழே காட்டினால் இறக்கும், முஷ்டியை மூடினால் நிற்கும். அந்தச் சத்தத்தில் வாயால் பேசி யாருக்குக் கேட்கும்? அது உத்தியோகம். அதைக் கொண்டுவந்து வீட்டில் செய்தேன் என்று எழுதுவது அபாண்டம் இல்லையா? இதை நான் ரோசியிடம் கேட்டேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "காலையில காபி வோணும்னா ரெண்டு வெரல, சோறு போதும்னா முஷ்டி. இத்தினி வருசமா இந்த வூட்ல கிரேன் ஓட்டிகினு கீறது நான்தான்" என்றாள். மீன் வறுக்கும் சூட்டில் சொன்னது என்று விட்டுவிட்டேன்.

பாட்டுக்குக் கீழே ஜனங்கள் கருத்து எழுதுகிறார்கள் என்று டெபோரா காட்டினாள். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, பஸ்ஸில் கேட்டு அழுது இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாளாம். யாரோ ஒருவர், டான்ஸ் ஆடலாம் என்று போட்டால் உட்கார்ந்து யோசிக்க வைக்கிறான் என்று கோபித்திருந்தார், அவர் ஒருவர்தான் எனக்குப் பிடித்தார். மீதிப் பேர் எழுதியிருந்ததுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. பாட்டின் சோகத்தைப் பார்த்து, அந்த அப்பா இறந்துவிட்டார் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். "ஆழ்ந்த இரங்கல் ப்ரோ", "அப்பா மேல இருந்து பார்த்துக்கிட்டு இருப்பார்", வரிசையாக மெழுகுவத்திப் படம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே என் அஞ்சலிகளை நானே படித்தேன். பொறுக்கமுடியாமல், 'நான்தான் அந்த அப்பா, ராயபுரத்தில் உயிரோடு இருக்கிறேன்' என்று டெபோராவை எழுதச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் ஒருவன் பதில் போட்டான்: "ப்ரோ, அப்பாவோட ஆன்மா பேசுது, புல்லரிக்குது." அதற்கு இருநூறு பேர் லைக் போட்டிருக்கிறார்கள்.

இணையத்து ஜனங்களை விடுங்கள், நம் தெரு ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று நினைத்தேன். நேற்று அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. உங்கள் பங்குக் கோயிலில் எப்படியோ, இங்கே தெருவில் பன்னிரண்டு குடும்பமும் வாரம் ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, கண்ணை மூடித் தியானித்து, மனதில் பட்டதை ஆளுக்கு ஒரு வார்த்தை பகிர்ந்துகொண்டு, சுண்டல் சாப்பிட்டுக் கலைவோம். ஜனங்கள் வந்து உட்காரும் நேரத்தில் ஆல்பத்தைச் சும்மா ஓடவிடு, நல்லா இருக்கிறது என்று யாராவது சொல்கிறார்களா பார்க்கலாம் என்று டெபோராவிடம் சொன்னேன். சரி, சொன்னேன் என்றால் ஸ்பீக்கரைக் கை காட்டினேன், அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தை நடத்தும் ஷிஜி டீச்சர் உள்ளே வந்தார், மெல்லிய கீபோர்டையும், 'என் தப்ப நானே பாக்குறேன்' என்கிற குரலையும் கேட்டார். தவக்காலத்துக்குப் பங்குச் சாமியார் புதிதாக அனுப்பிய தியானப் பாட்டு என்று நினைத்துக்கொண்டார். "எல்லாரும் கண்ணை மூடி, இந்தப் பாட்டின் வழியா நம்ம மனச்சாட்சியைச் சோதிச்சுப் பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லித் தடுத்திருக்கலாம்தான். எனக்கு அது வரவில்லை.

மூன்றாவது பாட்டு முடியும்போது ஐஸ் பேக்டரி ரஞ்சித் விசும்பினான். "இத்த கேட்ட அப்பால மனசு ஒரு மாரி ஆய்டுச்சி. ஜேக்கப் அண்ணன் வூட்டு வாசல்ல ரெண்டு வருசமா மீன் கழுவுன தண்ணிய ஊத்திகினு வந்தது நான்தான். என்ன மன்னிச்சிடுங்க" என்றான். அந்தத் தண்ணிக்காகக் கீழ்வீட்டுக் குமாரவேலோடு நான் இரண்டு வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருக்கிறேன் மச்சான், அந்த அப்பாவி மனிதர் எதற்கென்றே தெரியாமல் பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொடுத்துவருகிறார். ரஞ்சித்தின் மனைவி உடனே, "அத்தத்தான் தெனம் சொல்றேனே, சாக்கடையில ஊத்துயான்னு" என்று அவன் தொடையில் கிள்ள, அவன் அலற, ஷிஜி டீச்சர் "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டே தானும் அழ ஆரம்பித்தார். எண்ணூரில் இருக்கும் சொந்த அக்காவோடு ஆறு வருஷமாகப் பேசவில்லையாம், சண்டைக்கான காரணம்கூட மறந்துபோய்விட்டதாம். வீடு முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஐந்தாவது பாட்டு. "இந்தத் தகப்பன் நம்மில் யார் என்று கேட்டுப் பார்ப்போம்" என்றார் டீச்சர். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்களே என்ற தைரியத்தில், நிறுத்து என்று டெபோராவுக்கு நான் முஷ்டியை உயர்த்தினேன். பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். இன்னும் உயர்த்தினேன். சரியாக 'முஷ்டிய மூடுனா மூச்சையும் நிறுத்தணும்' என்று ஜெரி பாடவும், பன்னிரண்டு குடும்பமும் கண்ணைத் திறக்கவும் சரியாக இருந்தது. நடு ஹாலில் நான், தலைக்கு மேலே என் முஷ்டி. கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடவில்லை. ரஞ்சித்தான், "அட, நம்ம ஜெரி கொரலு!" என்றான். சுண்டல் தட்டோடு வந்த ரோசி, "இவ்ளோ நேரம் இன்னா, கோயில் பாட்டுன்னா நெனச்சீங்க?" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை மச்சான். சிரித்திருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

இன்று காலை டோல்கேட் டீக்கடையில் அலி அக்பர் பாயைப் பார்த்தேன். அத்தனை வருஷமும் கிரேனின் மேல் கேபினில் உட்கார்ந்து என் கையைப் பார்த்து ஓட்டியவர், இப்போது சாத்தாங்காடு இரும்புக் கடையில் மருமகனுக்குத் துணையாக இருக்கிறார். என் பக்கம் பேச அவர் ஒருவராவது இருப்பார் என்று போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். முழுப் பாட்டும் கேட்டார். டீ ஆறிப்போனது. அப்புறம் சொன்னார்: "அத்தினி வருசம் உன் கைய நம்பிதான் ஓட்டிகினு இருந்தேன் நைனா. ஒரு லோடு தப்பா எறங்கல. ஆனா உன் புள்ள கேபின்ல குந்திகினு இல்லியே. பக்கத்துல, சோத்துத் தட்டு முன்னாடி இல்ல குந்திகினு இருந்தான்." எனக்குப் பேஜாராகிவிட்டது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இது. அந்த ஐந்தாவது பாட்டை அவன் எடுத்துவிட வேண்டும். முடியாது என்றால், 'இதில் வரும் தகப்பன் கற்பனை' என்று கீழே ஒரு வரியாவது போட வேண்டும். மற்றதை விட்டாலும், தூக்கினதே இல்லை என்று எழுதியிருக்கிறானே, அது பச்சைப் பொய். அவனுக்கு மூன்று வயதில், கோயில் திருவிழாத் தேர் வந்தபோது, கூட்டத்தில் தெரியவில்லை என்று அழுதவனை என் தோளில் தூக்கி உட்காரவைத்தேன். தேர் தெருமுனை திரும்பும்வரை இறக்கவில்லை. அவன் என் சட்டையை நனைத்தான், அந்தச் சூடு இன்னும் என் பிடரியில் இருக்கிறது. அதற்குப் போட்டோ ஆதாரம் பீரோவில் இருக்கிறது, இத்துடன் இணைத்து அனுப்புகிறேன். அதைப் பார்த்துவிட்டு அவன் பதில் சொல்லட்டும்.

அக்காவுக்கு என் அன்பும், உங்கள் பிள்ளைகளுக்கு ஆசீரும். மாடி அறைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். வெயில் ஏறுகிறது, அங்கே ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதா நம் இரு குடும்பத்தையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
ம. ஜேக்கப்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்தேன். தேர் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, தோளில் ஜெரி இருக்கிறான். தோள் உங்களுடையது மச்சான். ரோசியிடம் காட்டினேன். "அன்னிக்கு உங்களுக்கு டூட்டி. கப்பல் வந்துகீதுன்னு காலையிலயே பூட்டீங்க" என்றாள். ரோசி சொல்லிச் சொல்லிக் கேட்ட கதையை எனக்கே நடந்ததாக இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். நனைந்தது உங்கள் சட்டை. பாட்டை எடுக்க வேண்டாம். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே பஸ் பிடித்துக் கொண்டுவருகிறேன். வாங்கியதும் நீங்கள் படிக்காமல் ஜெரியிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்; இதையே உறைமேலும் எழுதிவிடுகிறேன். அவன் முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன். முடித்த பிறகு நான் ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை, பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வருகிறேன்.