மாமாவின் பெட்டியும் ஒரு கட்டைவிரலும்

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாக வாய்த்த என் மைத்துனனுக்கு, உன் அத்தான் ஆசிகளுடன் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனா மூடியைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து அறையில் உன் அப்பா இருமினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, அவர் மறுபடி மதியக் குறட்டைக்குத் திரும்பியதும் தொடர்கிறேன். ஆகவே, நலம். நீயும் அங்கே வண்ணமும் தூரிகையுமாக நலமாக இருப்பாய். இந்தக் கடிதம் மாமாவுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது. தெரிந்தால் மாப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டார், நான் வீட்டோடு இருப்பவன் வேறு, எனக்குப் போக்கிடமும் இல்லை. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று தெரிந்தும் உனக்காகக் கைப்பட எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

விஷயம் இதுதான். உன் அப்பா கண்டுபிடித்த நகல் இயந்திரத்தை விற்றே பெரிய ஆளான அந்தக் கம்பெனி, தன் தலைமை அலுவலகத்தில் அவர் பெயரில் ஒரு கூடம் கட்டியிருக்கிறது. அவர் முதன்முதலில் தன் கையால் செய்த இயந்திரத்தை, அதாவது நம் முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெட்டியை, நடுநாயகமாக வைக்கப் போகிறார்களாம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை திறப்பு. மாமா பொத்தானை அழுத்தி ஒரு நகல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அழைப்பைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கி, மூக்கைச் சிந்தி, இன்னொரு முறை சத்தமாகப் படித்தேன். உன் அக்கா அடுப்படியிலிருந்தே கேட்டாள், “கூடம் அப்பாவுக்கா, உங்களுக்கா?”

அவளுக்கு என்ன தெரியும்! பிறந்ததிலிருந்து பார்க்கிறவளுக்குப் பெட்டி என்பது துணி காயப்போட வசதியான ஒரு மேடை. நான் அப்படியா? கல்யாணம் பேச உங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் முதலில் பார்த்தது பெட்டியைத்தான். உன் அக்கா எப்போது வந்தாள், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இது அவளுக்கும் தெரியும், மாதம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவாள்.

நீ பிறப்பதற்கு முன் மாமா ஓர் அலுவலகத்தில் நகல் எழுதும் எழுத்தராக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். ஏன் அந்த வேலையை விட்டார் என்பது தெரியுமோ என்னவோ. ஒரு மாற்றல் உத்தரவை ஆறு பிரதி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து ஒழுங்காக வந்தது. ஆறாவதில் கண் ஒரு வரி தாவிவிட்டது. மேல்வரி மேலாளருக்குக் கீழ்வரி காவலாளியின் இடமும், காவலாளிக்கு மேலாளரின் இடமும் போய்விட்டன. முத்திரை குத்திய உத்தரவாயிற்றே, இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசாமல் கீழ்ப்படிந்துவிட்டார்கள். தவறு வெளியே வரும்வரை காவலாளி மேலாளர் நாற்காலியில் இருந்து தேங்கிக் கிடந்த கோப்புகளை எல்லாம் தீர்த்துவிட்டார் என்றும், மேலாளர் வாசலில் நன்றாகத் தூங்கியதில் மிதிவண்டிகள் மட்டும் காணாமல் போயின என்றும் கேள்வி. எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. “மனுஷன் கை அசரும் மாப்பிள்ளை. அசராத ஒண்ணு வேணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்” என்பார்.

அதன் பிறகு வீடு வீடாகவா இருந்தது? ஜன்னல் கண்ணாடி பெட்டிக்குப் போயிற்று. துணி தேய்க்கும் பெட்டியின் சூட்டுத் தகடு போயிற்று. கறுப்புத் தூளுக்காக விளக்குப் புகையை வழித்து வழித்து, உன் அம்மா துவைத்துப் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் துக்கம் விசாரிக்கப் போகிற நிறத்துக்கு வந்ததாம். வருஷக்கணக்கில் தோற்றார். கடைசியில் உள்ளே சுழலும் உருளைக்கு ஏதோ ஒரு பூச்சைக் கலந்து பூசி, காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். காயவில்லை. ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பூசப் பூச்சு மிச்சமில்லை. போகட்டும் என்று ஓட்டிப் பார்த்தார், நகல் வந்தது! வரி தாவாமல், எழுத்து விடாமல், அச்சு அசலாக. வலப்பக்கக் கீழ்மூலையில் மட்டும் மங்கலாக ஒரு கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரல் உன்னை என்ன பாடு படுத்தியது என்பதை நான் சொல்ல வேண்டுமா? உன் அம்மா எழுதிக் கொடுத்த ஒரே ஒரு வயிற்றுவலி விடுப்புக் கடிதத்தைப் பெட்டிக்குள் விட்டு வேண்டிய மட்டும் நகல் எடுத்து, தேதியை மட்டும் மாற்றி மாற்றி, வருஷம் முழுக்க வயிற்றுவலியாகவே இருந்த பிள்ளையல்லவா நீ! தலைமை ஆசிரியர் கடிதங்களைப் பரப்பி வைத்து மாமாவைக் கூப்பிட்டாராம். “எல்லாத்துலயும் உங்க விரல் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?” என்று கேட்டாராம். மாமா கடிதங்களைப் பார்த்தார், வெளியே நின்ற உன்னைப் பார்த்தார், “ஆமா, தெரிஞ்சுதான்” என்று சொல்லிவிட்டு, உனக்குப் பதிலாகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பொய்யே சொல்லாத மனிதர். உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். என்னிடம் சொல்லும்போதுகூடச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கம்பெனி செய்த இயந்திரங்களில் அந்த விரல் கிடையாது. நம் பெட்டியில் மட்டும்தான். ஆனால் இந்த ஊர் முழுக்க நகல் எடுக்க நம் முன்னறைக்குத்தானே வந்தது? என் அலுவலகத்தில் எந்தப் பழைய கோப்பைப் பிரித்தாலும் மூலையில் மாமா. வீட்டுப் பத்திரத்தில் மாமா, பிறப்புச் சான்றில் மாமா, காணாமல் போன நாய்க்குட்டி அறிவிப்பில் மாமா. போன வாரம் ஒரு செவிலியர் வீடு தேடி வந்தார். வெள்ளத்தில் அவருடைய சான்றிதழ் எல்லாம் போய்விட்டதாம், இங்கே எடுத்த நகல் ஒன்று மட்டும் அவர் அம்மாவிடம் இருந்ததாம், அதைக் காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்தாராம். அந்தத் தாளை எடுத்து வந்து மூலையைக் காட்டி, “இது யாரோட விரல்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார். மாமா வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார், வெட்கம். இப்படி ஒரு மனிதரோடு தினமும் ஒரே குளியலறைக்குச் சண்டை போடுகிறேனே என்று நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

இனிதான் கூத்து. நேற்றுக் கம்பெனியிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒரு பொறியாளரும், பெட்டியைத் தூக்க நாலு தடியர்களும் வந்தார்கள். தூக்கினார்கள், வாசல்வரை வந்தது, வாசலைத் தாண்டவில்லை. மாமா பெட்டியை அறைக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார், பிற்பாடு வாசலைக் குறுக்கியிருக்கிறார், கண்டுபிடிப்பாளருக்கு இது தோன்றவில்லை. சுவரை இடிக்கலாமா என்று டைக்காரர் கேட்க, உன் அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். சரி, முதலில் ஓடுகிறதா பார்ப்போம் என்று அவர் மின்சாரத்தில் மாட்ட, தெரு முழுக்க ஃப்யூஸ் போயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு கை மட்டும் தைத்த சட்டையோடு ஓடி வந்து, “இதுக்கு மீதிக் கையை யாரு தைப்பா?” என்று கத்தினார். வாடிக்கையாளர் பின்னாலேயே வந்தார், வெறும் பனியனோடு. எல்லோரையும் சமாதானப்படுத்தி, ஃப்யூஸ் போட்டு, பெட்டி ஒருவழியாக ஒரு தாளைத் துப்பியது. டைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சார், மூலையில ஒரு கறை இருக்கு. பெரிய மனுஷங்க எல்லாம் வருவாங்க. உருளையை லேசா துடைச்சிட்டா போதும், பளிச்சுனு ஆயிடும்” என்று துணியை எடுத்தார்.

மாமா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பழகிய விஷயம். நேரே போய்ப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இந்த வயதில் எப்படி ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை.

“அது கறை இல்ல தம்பி. இந்த மெஷின்ல என்னோடதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்” என்றார். “பெட்டியும் வராது, நானும் வரல. ஊர்ல இருக்கிறவங்க எழுதினதைத் திருப்பி எழுதினவனுக்குக் கூடம் எதுக்கு?”

டைக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ மூட்டை முடிச்சோடு வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னது அதேதானே? “ஊர்ல இருக்கிறவங்க எழுதினதைத் திருப்பி எழுதுற மெஷினு. இதுல உங்களோடதுன்னு என்னப்பா இருக்கு?” என்றாய். ஒரு படத்தை ஒரு முறைதான் வரைவேன் என்கிறவன் நீ, உனக்கு அது பெரிய பேச்சாகத் தெரிந்திருக்காது. நீ போய்விட்டாய், அந்த வார்த்தை போகவில்லை. அவர் அதை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறார்.

மாமா வராவிட்டால் பெட்டியைப் போலவே அட்டையில் ஒன்று செய்து வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நகல் இயந்திரத்துக்கே நகல்! அவருக்கு இன்னொரு கூடம் யாரும் கட்டப் போவதில்லை, வயதும் ஏறிக்கொண்டே போகிறது. நான் சொன்னால் மாப்பிள்ளை உளறல் என்பார், உன் அக்கா சொன்னால் காது கேட்காதது போல இருப்பார். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் உண்டு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், “வாங்கப்பா, போகலாம்” என்றால் போதும். அவர் உன்னைக் கேட்கவும் இல்லை, உன் பேச்சை எடுக்கவும் இல்லை. நானாகத்தான் எழுதுகிறேன், அவருக்கு இது தெரியவே கூடாது.

நீ நோயின்றி, குறைவின்றி, வயிற்றுவலியும் இன்றி நெடுங்காலம் வாழ வேண்டும். உன் அக்கா அன்பைச் சொல்லச் சொன்னாள், தலைமுடியை வெட்டிக்கொள்ளவும் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும்
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதிக்குமேல் இப்போது செல்லாது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உறைக்குப் பசை தேடப் போனேன். வந்து பார்த்தால் மாமா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பென்சிலை எடுத்து ஓரங்களில் குறித்தார். மிதிவண்டி வரும் இடத்தில் ‘பொய்’, வெட்கம் என்ற இடத்தில் ‘பொய்’, அவர் உன்னைக் கேட்கவில்லை என்ற இடத்தில் இன்னும் அழுத்தமாக ‘பொய்’. பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் விட்டார். தெரு முழுக்க மறுபடி ஃப்யூஸ். தையல்காரர் இந்த முறை கத்திரிக்கோலோடு வந்தார்.

ஆகவே நீ படித்தது நான் கைப்பட எழுதியது அல்ல, பெட்டி எழுதியது. நீல மையில் இருக்கும் இந்தப் பின்குறிப்பு மட்டும்தான் என் கை. ஒவ்வொரு பக்கத்திலும் வலப்பக்கக் கீழ்மூலையைப் பார். கிழித்துப் போடச் சொன்னதை மறந்துவிடு.

மூலக் கடிதத்தை மாமா தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். “அதைத்தானே மாமா அனுப்பணும்?” என்று கேட்டேன்.

“அது என்கிட்ட இருக்கட்டும். வேணும்னா வந்து வாங்கிக்கச் சொல்லுங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, “வரும்போது நல்ல ஃப்யூஸ் கம்பியா பார்த்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க” என்றார்.