மூன்று இறக்கைகளில் ஒரு பெயர்

ஏணியின் உச்சியில் நின்றபோதுதான் பொன்னுதாஸுக்குத் தன் பெயர் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

சபையின் ஃபேனில் முதல் இறக்கையில் 'அன்பளிப்பு'. அடுத்ததில் 'எஸ். பொன்னுதாஸ்'. மூன்றாவதில் 'கண்டக்டர், பாறசாலை'. எல்லாம் சிவப்புப் பெயின்ட். பதினொரு வருடமாகியும் மங்கவில்லை.

"அழிக்கப்பிடாது சாரே," என்றான் கீழே ஏணியைப் பிடித்திருந்த சானு. அவன் அந்தச் சபையின் கோயில்பிள்ளை. மணியடிப்பது, பெருக்குவது, பூட்டுவது எல்லாம் அவன் வேலை. "அந்தப் பேரு அங்கயே இருக்கணும்னு எனக்கு ஒரு ஆர்டர் உண்டு."

"யாருக்க ஆர்டரு?"

"அது சொல்லப்பிடாது."

கமிட்டியாக இருக்கும் என்று பொன்னுதாஸ் நினைத்துக்கொண்டார். "எனக்க பேரு, எனக்க ஃபேனு. நீ ஏணிய ஒழுங்காப் பிடிலே."

வரும் திங்கள்கிழமை நெய்யாற்றின்கரையில் அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன். சின்ன ஆபரேஷன் என்று டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. போதாதற்குப் போன ஞாயிறு போதகர் பிரசங்கத்தில், "மனுஷர் பார்க்கக் கொடுத்தவனுக்கு மனுஷர் பார்த்ததே கூலி. மேலே போய்க் கை நீட்டாதீர்கள்" என்று சொல்லிவிட்டார்.

மேலே போனால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று பொன்னுதாஸ் வீடு வரைக்கும் யோசித்தார். ஃபேன் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அதிலும் பெயர்!

பெயர் மட்டுமா? ஃபேன் சுற்றும்போது எழுத்து தெரியாது. கரண்ட் போனால்தான் இறக்கைகள் மெல்ல நின்று பெயர் வெளியே வரும். ஆராதனை நடுவில் கரண்ட் போகும்போதெல்லாம் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

தின்னரை ஊற்றித் தேய்த்தார். ஃபேனின் கிரீம் நிறம் போனது. சிவப்பு எழுத்து போகவில்லை. முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் மேலே வெள்ளைப் பெயின்டை அப்பினார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் டக்கு டக்கு என்று தலையாட்டிக்கொண்டு சுற்றியது.

"வெயிட்டு கூடிப்போச்சு சாரே," என்றான் சானு.

வியாழக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து வந்த மனைவி ஜெஸி பையைத் தூக்கி எறிந்தாள். "கேட்டியளா? உங்க பேர வெள்ளையடிச்சு அழிச்சுப்போட்டானுவ!"

"யா... யாரு?"

"வேற யாரு? செக்ரட்டரி வினீத்தாக்கும். நாம அவனுக்கு ஓட்டு போடல்லேல்லா!"

"விடு ஜெஸி. தாழ்மையா இருப்போம்."

"தாழ்மையா? நான் சபைக்க முற்றத்துல வச்சு அவன்ட்ட கேட்டாச்சு."

"என்ன கேட்ட?"

"எல்லாம் கேட்டாச்சு. அவனுக்க அப்பன் வரைக்கும்." ஜெஸி தண்ணீர் குடித்தாள். "பனச்சமூட்டுல மரச்சீனிக் கிழங்கு விக்கிற செல்லபாய் அக்காதான் முதல்ல கண்டது. 'பேரக் காணல்லேன்னா சாருக்கு சங்கடமாயிருமே'ன்னு ஒரே அழுகை."

தன் பெயருக்காக ஒருத்தி அழுதிருக்கிறாள் என்பது பொன்னுதாஸுக்குக் கொஞ்சம் இனித்தது. உடனே அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் வினீத்தே வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. "மாமா, வேதத்துல கை வச்சுச் சொல்லுதேன். நான் அழிக்கல்ல."

"எனக்குத் தெரியும் மக்கா."

"எப்பிடித் தெரியும்?"

"சும்மா... ஒரு விசுவாசம்."

வினீத் உருகிவிட்டான். "இந்த மனசு யாருக்கு வரும்? மாமா, இனி ஒருத்தனும் அழிக்க முடியாது. உங்க பேரப் பளிங்குக் கல்லுல வெட்டி சுவத்துல பதிக்குதோம்."

பளிங்கில் வெள்ளையடிக்க முடியாது. "கல்லு வேண்டாம்! அழிச்சது நானாக்கும்!" என்று பொன்னுதாஸ் கத்தினார்.

"நீங்களா? எதுக்கு?"

"தாழ்மைக்கு. யார்ட்டயும் சொல்லிராத."

"சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா."

அரை மணி நேரத்தில் சபை வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப்பத்துக் கைகூப்பல்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் ஃபிளெக்ஸ் நின்றது. காக்கிச் சட்டையும் கக்கத்துப் பையுமாகப் பொன்னுதாஸ் சிரித்தார். கீழே 'தாழ்மைக்கு ஒரு மாதிரி' என்று இரண்டடி எழுத்து. போதகர் அவரை முன்னால் அழைத்து நிறுத்தினார். சபை எழுந்து கைதட்டியது. சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் தலையாட்டியபடியே நின்றது. மலிவான வெள்ளைப் பெயின்ட் உரிந்து, சிவப்பாக 'பொன்னுதாஸ்' எட்டிப் பார்த்தது. சபை இன்னொரு முறை கைதட்டியது.

விடிந்தால் ஆபரேஷன். ஃபேன் கொடுத்ததற்குக் கூலி முன்பே வாங்கியாயிற்று. பெயரை அழித்ததற்கும் இப்போது வாங்கியாயிற்று. மேலே கையிருப்பு ஒன்றுமில்லை.

எல்லோரும் போனபின் பொன்னுதாஸ் அந்த ஃபேனுக்கடியில் முழங்காலிட்டார். ஹெர்னியா வலித்தது. "கர்த்தாவே, எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதையும் ஒப்புக்கொடுத்தேன். இனி உம்முடைய சித்தம்" என்றார். பதினொரு வருடத்தில் முதல்முறையாக மனம் லேசானது.

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் சாத்திக்கொண்டிருந்த சானுவைக் கூப்பிட்டார்.

"மக்கா, இதக் கழற்றித் தூரப் போடு. புதுசு ஒண்ணு தாறேன், மாட்டு. அதுல பேரு வேண்டாம். யாரு தந்ததுன்னு ஒரு குருவிக்கும் தெரியப்பிடாது."

சானு தலையைச் சொறிந்தான்.

"அப்பிடி ஒண்ணு மாட்டி ஆறு வருஷமாச்சு சாரே. உங்க ஃபேன் அப்பவே எரிஞ்சுபோச்சு, இது செல்லபாய் அக்கா தந்ததாக்கும். உங்களுக்கு மனசு நோவப்பிடாதுன்னு பழைய இறக்கைய மட்டும் எடுத்து மாட்டச் சொன்னாவ."