பயம் ஒழிந்த ஏரி

மனிதரின் வரைபடங்களில் இடம்பெறாத ஓர் ஏரியில் மீன்களுக்கென்று ஒரு நாடு இருந்தது. பெயர் நீர்மங்கலம். அதை ஒரு விரால் மீன் ஆண்டுவந்தது. நெடுமீசையார் என்ற கெளுத்தி தலைமை அமைச்சர். தேர்தலும் உண்டு. மன்னர் ஒருவரே வேட்பாளர் என்பதால் எண்ணிக்கையில் குழப்பம் வந்ததில்லை.

அந்நாட்டுப் பள்ளியில் குமுதவல்லி என்ற கெண்டை ஆசிரியையாக இருந்தார். குஞ்சுகளுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: கொக்கின் நிழல் விழுந்தால் பாசிக்குள் பாய்ந்துவிட வேண்டும்.

ஒரு கோடையில், கரையில் புதிதாக வந்த மாத்திரை ஆலை ஏரிக்குள் ஒரு குழாயை நீட்டியது. மனிதர்களின் மனப்பதற்றத்தைத் தணிக்கும் மருந்து அங்கே தயாரானது. அதன் கழிவு ஏரி நீரில் கலந்தது. பத்தே நாளில் குஞ்சுகள் மாறிப்போயின. மின்னி என்ற கெட்டிக்காரக் குஞ்சு கொக்கின் காலருகே போய், அண்ணாந்து பார்த்து, எந்த ஊர் என்று விசாரித்தது. கொக்கு பதில் சொல்லவில்லை. அதன் வாய் நிறைந்திருந்தது.

அன்று குமுதவல்லியால் வகுப்பு எடுக்க முடியவில்லை. நேரே அரசவைக்குப் போனார்.

"ஐயா, அந்தக் குழாயை அடைக்கணும். பிள்ளைங்களுக்குப் பயமே விட்டுப்போச்சு."

நெடுமீசையார் மீசையை நீவிக்கொண்டார். "பயமற்ற இளைய தலைமுறை. முந்தைய ஆட்சி எதிலாவது இது நடந்ததுண்டா அம்மா?"

மறுநாளே சாதனை விழா எடுத்தார்கள். குழாய்க்கு மன்னரின் பெயர் சூட்டப்பட்டது. பயம் ஒழிந்த நாட்டில் ஒளிய இடம் எதற்கு என்று பாசியை முழுவதும் அகற்ற ஆணை பிறந்தது. குஞ்சுகள் இன்னும் வேகமாகக் குறைந்தன. காணாமல்போனவை உயர்கல்விக்காக வெளிநாடு சென்றதாகப் பதிவாயின. அத்தனை பேரை அனுப்பிவைத்த கொக்குக்குத் தூதர் பதவி கிடைத்தது.

குமுதவல்லி பாடத்தை நிறுத்தவில்லை. பீதி பரப்பியதாக அவர்மீது வழக்கு வந்தது. நீதிபதி நண்டு, பாதிக்கப்பட்ட குஞ்சு ஒன்றாவது புகார் கொடுத்ததா என்று கேட்டார். போனவை வந்து சொல்ல வழியில்லை. இருந்தவற்றுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆசிரியையையும் மிஞ்சியிருந்த முப்பது மாணவர்களையும் வடக்கேயுள்ள ஊற்று ஓடைக்கு நாடுகடத்தத் தீர்ப்பானது.

அந்த ஓடைக்குக் குழாய்நீர் எட்டாது. முதல் வாரம் கொக்கு வரும்போதெல்லாம் குமுதவல்லி குஞ்சுகளைத் தலையால் முட்டி முட்டிப் பாசிக்குள் தள்ளினார். அப்படியும் இரண்டை இழந்தார். மூன்றாம் வாரம் ஓர் இலை நீரில் விழுந்தது. இருபத்தெட்டும் பதறி ஓடி ஒளிந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று நடுங்கியபடி வெளியே வந்தது.

"டீச்சர், பயமா இருக்கு."

குமுதவல்லி அதைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். நல்லது, நல்லது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த ஆண்டுத் தேர்தலில் மன்னர் நூறு சதவீத வாக்குகளுடன் வென்றார். மொத்த வாக்குகள் பதினொன்று; குஞ்சுகளுக்குப் பின் பெரியவர்களும் வெளிநாடு போயிருந்தார்கள். ஆள்வதற்கு ஆள் போதவில்லை என்பது அப்போதுதான் அரசவைக்கு உறைத்தது. நெடுமீசையார் தாமே புறப்பட்டு ஓடைக்கு வந்தார். நடந்ததை மறந்துவிடச் சொன்னார். கல்வி அமைச்சர் பதவி காலியாக இருப்பதையும் குறிப்பிட்டார்.

"பிள்ளைகளை மட்டும் அனுப்பி வையுங்க அம்மா. நாட்டுக்குக் குடிமக்கள் வேணும்."

"குழாயை அடைச்சாச்சுங்களா?"

"அதைத் தவிர எது வேணும்னாலும் கேளுங்க."

பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று குமுதவல்லி திரும்பினார். அங்கே ஒருவரும் இல்லை. அமைச்சரின் முகம் தெரிந்த கணமே இருபத்தெட்டும் பாசிக்குள் போயிருந்தன.

அந்தப் பாடத்தை அவர் இன்னும் நடத்தவே இல்லை.