குமிழைப் பார்க்க நின்ற வரிசை

"முப்பத்தெட்டுப் பேரைக் கூட்டியாந்து நிறுத்தி—"

"முப்பத்தேழுதான் தாயி, சூசை வரல—"

"எத்தனை பேரா இருந்தா என்னய்யா? மூணு மணிக்குப் பரிசோதகர் வாராரு."

ராமநாதபுரத்துக் கல்லூரியின் இருட்டறையில், அப்பாவைத் திட்டிக்கொண்டே ஜெப்சி ஒளிர்வு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொழுப்பால் மெல்லிய தோல் செய்து, அதில் ஒளிரும் சாயம் ஏற்றி, மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கிய குமிழ்கள். காலையில் சிவப்பு வளையங்களாக மினுங்கியவை இப்போது கறுப்பாகக் கிடந்தன. இன்று தேர்வு நடத்த வரும் பரிசோதகரிடம் அவற்றைக் காட்டினால்தான் முனைவர் பட்டம்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில், அப்பா மரியதாஸ் சொந்த ஊரான அக்காள்மடத்து ஆட்களை வேனில் ஏற்றி வந்து, திருவிழாவில் மாதா சுரூபத்தைத் தொட்டு முத்தமிட நிற்பதுபோல வரிசை கட்ட வைத்துக் குமிழைக் காட்டிவிட்டார். பார்த்தவர்கள் சிலுவையும் போட்டுக்கொண்டார்கள்.

"வெளிச்சம் பட்டா சாயம் வெளுத்துரும்னு சொன்னேன்ல?"

"அதான் ஆளுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்ற நேரம்னு வச்சேன். பெஞ்சமின் மச்சானுக்குக் கண்ணுல புரை. அவருக்காக வெளிச்சத் திருகை மட்டும் கொஞ்சம் கூட்டுனேன்."

மிச்சமிருந்த கடைசித் துளியை ஜெப்சி புதுக் கண்ணாடித் தகட்டில் வைத்தாள். மகளுக்கு வியர்க்கிறதே என்று மரியதாஸ் மின்விசிறியைத் தட்டினார். துளி காய ஆரம்பித்தது. பதறிப்போய் அதன்மேல் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார்.

நுண்ணோக்கியில் குமிழ்கள் உப்பின, ஒவ்வொன்றாக வெடித்தன.

"உள்ள சர்க்கரைத் தண்ணி இருக்குய்யா. வெறுந்தண்ணி பட்டா உறிஞ்சி வெடிச்சிரும்."

"சர்க்கரைத் தண்ணி இருக்கது எனக்குத் தெரியாதா? வரிசையில ஒருத்தரு துருவித் துருவிக் கேட்டாரே. தோலு ரெண்டு அடுக்கு, சாயம் தோல்ல மட்டும், அதான் வளையமாத் தெரியுதுன்னு புட்டுப் புட்டு வச்சேன். எம்மக செஞ்சதுன்னும் சொன்னேன்."

"வெடிக்கும்னு தெரியலையா?"

"அத நீ போன்ல யாருக்கும் சொல்லி நான் கேக்கலையே தாயி."

ஜெப்சி முகத்தை மூடிக்கொண்டாள். கதவு திறந்தது. ஆய்வக உதவியாளர் மூக்கையா ஒரு தாளோடு நின்றார்.

"பரிசோதகர் வந்துட்டாராண்ணே?"

"அவரு ரெண்டு மணிக்கே வந்து, உங்க ஆளுகளோட வரிசையில நின்னு பாத்து, கேட்டு, முழுத் திருப்தின்னு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு பாப்பா, பட்டம் உனக்கா, உங்கய்யாவுக்கான்னு மட்டும் கேட்டுப் பேரை நிரப்பச் சொன்னாரு."